மீன் வெட்டும் கத்திக்கு எந்தப் பிடி போடலாம்? எதுவும் ஆறு மாதம் தாங்கவில்லை

முதுநகர்_தம்பி எழுதியது:

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுக்கிறார், பதினோரு வருடமாக. விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் பத்து, பதினொன்று வரைக்கும் கை ஓயாது, ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியம் ஒன்றாகிவிடும். அரிவாள்மனை இல்லை, புளியங்கட்டை மேல் வைத்து வெட்டுகிற பெரிய கத்தி. மத்தி, சங்கரா வெட்ட எந்தக் கத்தியும் போதும். வஞ்சிரம் தலையைப் பிளக்க வேண்டும், பாறைத் தலையை நாலாகப் போட வேண்டும், சூரையின் முதுகெலும்பை ஒரே வெட்டில் துண்டாக்க வேண்டும் என்று வரும்போதுதான் பிடியின் லட்சணம் தெரியும்.

கத்தியில் குறை சொல்ல முடியாது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, முதுகு 4 மில்லி கனம், சாணை பிடித்தால் இரண்டு நாளைக்குக் கூர் நிற்கிறது. பிரச்சனை எல்லாம் பிடிதான். முதலில் வேப்பம் பிடி, மூன்று மாதத்தில் ஆட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் தச்சுப் பட்டறையில் மீந்த தேக்கில் ஒன்று செய்து போட்டோம், அது ஒரு பாறைத் தலையில் நீளவாக்கில் பிளந்தது. பிளந்த பிடியைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிச் சுற்றி இன்னும் ஒரு மாதம் ஓட்டினார். ரப்பருக்கு உள்ளே மீன் தண்ணீர் தங்கி, எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகவில்லை. மூன்றாவது, ஜி.ஐ. பைப்பை வெல்டு வைத்துப் பிடியாக்கினோம். உடையவே இல்லை, ஆனால் சாயங்காலமானால் அக்காவுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலி. கை வழுக்கி ஒருநாள் சுண்டுவிரல் பக்கம் கிழித்துக்கொண்டார், நாலு தையல். அன்றைக்குத்தான் இதை இப்படியே விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்தத் தேக்குப் பிடியைப் பிரித்தபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிடிக்குள் போகிற வால் பகுதி பென்சில் கனத்துக்கு இளைத்துப் போயிருந்தது, துரு வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிந்து கையில் வந்தது. வெளியே இருந்த அலகு பளபளவென்று இருந்தது.

வெளிநாட்டு வீடியோக்களில் மைகார்ட்டா, ஜி10 என்று பேசுகிறார்கள், அது இங்கே கிடைக்குமா? மரம்தான் என்றால் எந்த மரம்? கொம்புப் பிடி சரிவருமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, அக்காவுக்கும் வேலை குறைவு. அதற்குள் நிதானமாக ஒன்று செய்து கொடுக்க ஆசை. கையில் ஹாக்ஸா, அரம், டிரில் மிஷின் இருக்கிறது. பழகினவர்கள் சொல்லுங்கள்.

பண்ருட்டி_தோப்பு எழுதியது:

தம்பி, நான் பலாத் தோப்பு வைத்திருக்கிறேன். சீசனில் ஆள் ஒன்றுக்கு நாளைக்கு ஐம்பது, அறுபது பழம் அறுப்போம், தேங்காய் உரிப்பது, கிளை கழிப்பது என்று வருடம் முழுக்கக் கத்தியோடுதான் வாழ்க்கை. பலாப்பால் ஒட்டின கையோடு பிடிக்கிற பிடியும் மீன் கொழகொழப்போடு பிடிக்கிற பிடியும் வேறு வேறுதான், ஆனாலும் மரத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேம்பு தப்பான மரம் இல்லை, உனக்குக் கிடைத்தது வெள்ளைக் கட்டையாக இருந்திருக்கும். வைரம் பாய்ந்த கட்டையில்தான் பிடி செய்ய வேண்டும், அது எந்த மரமானாலும் சரி. வெள்ளை தண்ணீரைக் குடிக்கும், பூச்சியும் அதில்தான் விழும். தேக்கு ஜன்னலுக்கு நல்லது. வெயில், மழை இரண்டிலும் அதிகம் சுருங்காது, உப்பாது. ஆனால் அடி வாங்குகிற வேலைக்கு ஆகாது, நார் ஓடுகிற திசையில் பிளக்கும். அதோடு அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பசை போட்டாலும் சரியாகப் பிடிக்காது.

கருவேலம் (நாட்டுக் கருவேலம்) எங்கள் தாத்தா காலத்திலிருந்து கலப்பைக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் போட்ட மரம். புளி இன்னும் கெட்டி, உன் அக்கா வெட்டுகிற கட்டையே புளிதானே, அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் சின்னத் துண்டாக அறுத்துக் காயவைத்தால் புளி வெடிக்கும், பொறுமை வேண்டும். நான் இப்போது போடுவது வேலிக்காத்தான். சீமைக்கருவேலம் என்று எல்லாரும் திட்டுகிற அதே மரம்தான். கனமான மரம், காய்ந்தாலும் நனைந்தாலும் அளவு மாறுவது மிகமிகக் குறைவு, எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுருங்கும். அதனால்தான் பிடி ஆட ஆரம்பிக்காது. கோணல் மாணலாக வளரும் என்பதால் யாரும் மதிப்பதில்லை, நமக்கு வேண்டியது ஒரு சாண் துண்டு மட்டும். அடிமரமாகப் பார்த்து வாங்கி, இரண்டு முனையிலும் மெழுகு தடவி, நிழலில் குறைந்தது ஆறு மாதம் போட்டுவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் போச்சு.

பலா மரத்திலும் செய்யலாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்கள் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்த்துப் போட்டதே, அப்போது விழுந்த மரத்தில் பாதியை மிருதங்கம், வீணை செய்கிறவர்களுக்குக் கொடுத்தோம், ஒரு துண்டை நான் எடுத்துவைத்தேன். அதில் செய்த பிடி இன்னும் என் சின்னக் கத்தியில் இருக்கிறது. மஞ்சளாக இருந்தது இப்போது கருஞ்சிவப்பாகிவிட்டது. ஆனால் பாறைத் தலை பிளக்கிற வேலைக்குப் பலாவைச் சொல்ல மாட்டேன், அவ்வளவு கெட்டி கிடையாது.

ஒரு விஷயம், பிடி ஆடினால் கத்தியை ராத்திரி தண்ணீரில் ஊறப்போடு, இறுகிவிடும் என்று சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதே. ஒரு நாளைக்கு இறுகும், அது உண்மை. மரம் தண்ணீர் குடித்து உப்புகிறது, உள்ளே இரும்பு இருப்பதால் உப்ப இடமில்லை, நார் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்த பிறகு நசுங்கின நார் பழைய அளவுக்கு வராது. துளை முன்பு இருந்ததைவிடப் பெரிதாகியிருக்கும். அப்புறம் மறுபடி ஊறப்போட வேண்டியதுதான்.

தேங்காய் எண்ணெய் தடவாதே, அது காயவே காயாது, பிசுபிசுத்துச் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிக் காயும், நாலைந்து முறை மெல்லிசாகத் தேய். தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடக்கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவை அல்லது தண்ணீரில் போடு. முந்திரி ஓட்டு எண்ணெயைப் படகுக்குப் பூசுகிறார்களே, பிடிக்கும் பூசலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதே. முந்திரி உடைக்கிற பெண்களின் விரலைப் பார்த்திருப்பாய், பச்சை எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெந்து தோல் உரியும்.

நெல்லிக்குப்பம்_பட்டறை எழுதியது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொல்லுப்பட்டறை, கரும்பு வெட்டும் கத்திதான் அதிகம். அண்ணன் மரத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி, நீங்கள் எழுதினதில் பதில் இருக்கிறது, நீங்களே கவனிக்கவில்லை. வால் பென்சில் கனத்துக்கு இளைத்தது என்றீர்களே. தங்கத்தில் பிடி போட்டாலும் அந்தக் கத்தி நிற்காது. மரம் கெட்டதால் பிடி ஆடவில்லை. உப்புத் தண்ணீர் பிடிக்கும் இரும்புக்கும் நடுவே புகுந்து, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து இரும்பைத் தின்றது. துருவாக மாறின இரும்பு முன்பைவிட அதிக இடம் கேட்கும். அது உள்ளிருந்து நெம்பித்தான் உங்கள் தேக்குப் பிளந்திருக்கும், பாறைத் தலை கடைசி அடி மட்டும்தான். ஆகவே எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்று பாருங்கள்.

மீன் கத்திக்கு ஒல்லி வால் வைத்து மரத்துக்குள் இறக்குகிற முறையே வேண்டாம். கத்தியின் இரும்பே பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் வரட்டும், இரண்டு பக்கமும் தகடு வைத்து ரிவிட் அடிக்கலாம். துரு பிடித்தாலும் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும், உள்ளே ஒளிந்துகொண்டு ஏமாற்றாது. பழைய அலகை வைத்துக்கொண்டு வாலை மட்டும் வெல்டு வைத்து நீட்டலாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். ஸ்பிரிங் பட்டையில் சும்மா வெல்டு வைத்தால் வெல்டு ஓரத்தில் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், என்றைக்காவது ஓங்கி வெட்டும்போது அலகு தனியே பறக்கும். புதிதாகவே அடித்துக்கொள்ளுங்கள், பட்டை இருந்தால் ஒரு நாள் வேலை.

அடிக்கிறவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். ரிவிட் துளைகளைத் தண்ணீர் காட்டுவதற்கு, அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிக் கெட்டியாக்குவதற்கு, முன்பே போட்டுவிட வேண்டும், கெட்டியான பிறகு உங்கள் வீட்டு டிரில் அதில் இறங்காது. பிடிப் பகுதிக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம், அது கொஞ்சம் மெதுவாக இருந்தால்தான் அடி தாங்கும். அப்புறம், அலகும் பிடியும் சேருகிற கழுத்தில் மூலை கூராக இருக்கக்கூடாது, உருட்டி விடச் சொல்லுங்கள். எங்கள் பட்டறைக்கு உடைந்து வருகிற கத்தியில் பெரும்பாலும் அந்த மூலையில்தான் விரிசல் ஆரம்பித்திருக்கும்.

ரிவிட்டுக்கு ஆணியை வெட்டிப் போடாதீர்கள். சாதா இரும்பு ஆணி துருவேறிப் பெருத்துத் தகட்டை உடைக்கும். பித்தளைக் கம்பி போடுங்கள், 5 மில்லி போதும். உப்புத் தண்ணீரில் பித்தளையும் இரும்பும் ஒட்டி இருந்தால் அரிப்பு இரும்பைத்தான் முதலில் பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் போட்டாலும் இதே கதைதான், அதனால் எதைப் போட்டாலும் துளைக்குள் பசை நிறைந்து வழிகிற மாதிரி போட வேண்டும். எங்கள் தாத்தா அரக்கை உருக்கி ஊற்றுவார். அரக்கு சூட்டில் இளகும், வெயிலில் கிடக்கிற கத்திக்கு இன்றைக்கு எபாக்ஸிதான் (அரால்டைட் மாதிரி இரண்டு டியூபைக் கலந்து ஒட்டுகிற பசை) நல்லது.

வைண்டிங்_பாண்டி எழுதியது:

நான் புதுச்சேரி, மோட்டார் ரீவைண்டிங் வேலை. மைகார்ட்டா இங்கே கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள், தினமும் என் கையில் புழங்குகிறது, இங்கே பெயர்தான் வேறு. ஹைலம் ஷீட் என்று கேளுங்கள். துணியைப் பல அடுக்காக வைத்து பினாலிக் ரெசின் ஊற்றி, சூடு காட்டி அமுக்கினால் வருகிற தகடு. இதே மாதிரிப் பலகையை அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 1910 வாக்கில் மின்சார வேலைக்காகச் செய்தது, அதன் பெயர்தான் மைகார்ட்டா. கத்திக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

ரெசின் நமக்குப் புதிது இல்லை. 1907-இல் பேக்லாண்ட் கண்டுபிடித்த பேக்லைட் வகைதான், பழைய கறுப்பு சுவிட்ச், குக்கர் கைப்பிடி எல்லாம் அதுவே. குக்கர் பிடி கீழே விழுந்தால் உடைகிறதே என்பீர்கள். அதில் உள்ளே இருப்பது மரத்தூள் மாதிரி பொடி. ஹைலத்தில் முழு நீளத்துக்கும் துணி ஓடுகிறது, சுத்தியலால் அடித்தாலும் சிதறாது. (பண்ருட்டி அண்ணா சொன்ன முந்திரி ஓட்டு எண்ணெயைச் சுத்திகரித்து அதிலிருந்தும் இந்த வகை ரெசின் செய்கிறார்கள், வண்டி பிரேக் லைனிங்கில் போகிறது.)

வாங்கும்போது கவனம். பேப்பர் ஹைலம், துணி ஹைலம் என்று இரண்டு உண்டு. பேப்பர் வேண்டாம், ஓரம் சில்லு சில்லாகப் பெயரும், தண்ணீரும் உறிஞ்சும். துணி ஹைலத்தை அறுத்த ஓரத்தில் பார்த்தால் நெசவு வரிவரியாகத் தெரியும். கடைக்காரர் தெரியாமல் பேப்பரைக் கொடுத்தாலும் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஷீட்டை எடைக்குத்தான் விற்பார்கள், முழு ஷீட் தேவையில்லை, என் மாதிரி வைண்டிங் கடையில் கேட்டால் வெட்டுத் துண்டு கிடைக்கும்.

மீன் வேலைக்கு இதன் பெரிய லாபம் ஈரத்தில் பிடிப்பு. பாலிஷ் போடாமல் 120 நம்பர் எமரியோடு நிறுத்துங்கள். துணி நார் மேலே லேசாக நிற்கும், ஈரம் பட்டால் வழுக்குவதற்குப் பதில் இன்னும் கவ்வும். பளபளவென்று தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதில் அர்த்தமே இல்லை.

ஜி10 என்பது கண்ணாடி நாரும் எபாக்ஸியும், இங்கே கிளாஸ் எபாக்ஸி ஷீட் என்பார்கள், நம் சர்க்யூட் போர்டு அதன் உறவுதான். தண்ணீர் குடிக்கவே குடிக்காது, ஹைலத்தைவிடக் கெட்டி. ஆனால் அறுக்கும்போது வருகிற தூசி கண்ணாடித் தூள். நான் ஒருமுறை முகமூடி இல்லாமல் நாலு துண்டு அறுத்துவிட்டு இரண்டு நாள் இருமினேன், முழங்கையெல்லாம் அரிப்பு. வீட்டில் குழந்தை இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஹைலத் தூசியும் நல்லது இல்லைதான். முகமூடி போட்டு, வாசலில் உட்கார்ந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தால் சமாளிக்கலாம்.

ஒட்டுவதற்கு அரால்டைட்டில் ஐந்து நிமிடத்தில் காய்கிற வகையை எடுக்காதீர்கள், மெதுவாகக் காய்கிறதுதான் தண்ணீருக்கு நிற்கும். இரண்டு முகத்தையும் 60 நம்பர் எமரியால் நன்றாகக் கீறிவிட்டு அசிட்டோனால் துடையுங்கள், துடைத்த பிறகு விரல் படக்கூடாது. கிளாம்ப்பை உயிர் போகிற மாதிரி இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும், நடுவில் ஒன்றும் மிச்சம் இருக்காது. ஓரத்தில் சின்ன மணி மணியாகக் கசிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

முதுநகர்_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பட்டறை அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு அந்தப் பழைய வாலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். துரு அதிகம் தின்றிருப்பது பிடியின் வாயில்தான், அலகு பக்கத்தில். தண்ணீர் அங்கேதான் புகுந்திருக்கிறது.

இரண்டு கேள்வி. வீட்டில் காய்கறி நறுக்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்று தடிமனாக இருக்கிறது, அதையே அறுத்துத் தகடாகப் போடலாமா? இன்னொன்று, பிடி எவ்வளவு கனம் இருக்க வேண்டும்? அக்காவின் கை சின்னக் கை, என் கைக்குப் பொருந்துவது அவருக்குப் பொருந்தாது.

இறால்_ஷெட்_அனுபவம் எழுதியது:

தம்பி, நான் ஏற்றுமதி ஷெட்டில் ஒன்பது வருடம் இறால் உரிக்கவும் மீன் வெட்டவும் செய்தவள். வேலை செய்த கையாகச் சொல்கிறேன், இதுவரை எழுதினவர்கள் கத்தியைப் பார்த்தார்கள், உங்கள் அக்காவின் கையை யாரும் பார்க்கவில்லை. நீங்கள் கேட்டதே சந்தோஷம்.

அக்காவை வெறும் கையால் ஒரு கம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவிரல் நுனி கட்டைவிரலின் அடிச் சதையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். விரல் சதையில் போய் அழுந்தினால் பிடி ஒல்லி, அதைச் சுழலாமல் வைத்துக்கொள்ளவே பாதி பலம் போய்விடும். விரல் சதைக்கு வந்து சேரவே இல்லை என்றால் தடி, கை சீக்கிரம் மரத்துப்போகும். மண்வெட்டிக் காம்பு, துடைப்பக் கட்டை, உலக்கை என்று வீட்டில் இருக்கிறதை எல்லாம் பிடிக்கவைத்துப் பாருங்கள், சரியாக இருப்பதை நூல் சுற்றி அளந்துகொள்ளுங்கள். உருட்டையாகச் செய்யாதீர்கள், முட்டை வடிவம்தான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஜி.ஐ. பைப் உருண்டை, அதனால்தான் கைக்குள் சுழன்று கிழித்திருக்கிறது. முன்பக்கம் ஆள்காட்டி விரலுக்கு ஒரு தடுப்பு, பின்பக்கம் சுண்டுவிரலுக்குக் கீழே லேசாக ஒரு கொக்கி மாதிரி வளைவு, இது இரண்டும் இருந்தால் கையில் எவ்வளவு கொழகொழப்பு இருந்தாலும் கத்தி ஓடாது.

ஷெட்டில் மரப் பிடியை உள்ளே விடமாட்டார்கள். விரிசலில் அழுக்கு தங்கும், சில்லு பெயர்ந்து மீனில் விழும். அங்கே எல்லாம் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பிடி, வெள்ளை அல்லது நீலம். கழுவ அதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கத்தி மெல்லிசு, தோல் உரிக்கவும் சதை எடுக்கவும்தான். வஞ்சிரம் தலைக்கு வராது.

அந்த வெள்ளைப் பலகையில் பசை ஒட்டவே ஒட்டாது, பாலித்தீன் வகை. ரிவிட் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும், நடுவில் தண்ணீர் போய் உட்காரும். உங்கள் பழைய பிரச்சனை திரும்ப வந்துவிடும். கொம்பும் வேண்டாம். எருமைக் கொம்பு அழகாக இருக்கும், கெட்டிதான், ஆனால் ஈரத்தில் வழுக்கும், தினம் நனைந்து காய்ந்தால் ஏடு பிரியும். மான் கொம்பு என்று யாராவது கொண்டுவந்து நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

பிளீச்சிங் தண்ணீரில் கத்தியை ஊறப்போட வேண்டாம், ஸ்பிரிங் பட்டை இரும்பை அது அரித்துவிடும். சோப்பும் பிரஷும் போதும், வெந்நீரும் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, அலகு கீழே வருகிற மாதிரி காற்றோட்டமாக மாட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பண்ருட்டி_தோப்பு எழுதியது:

அக்கா சொன்ன கை அளவு அருமை, நான் இத்தனை வருடத்தில் யோசித்ததே இல்லை. ஹைலத்தைப் பற்றி ஒரே ஒரு தயக்கம் எனக்கு உண்டு. மரம் அடியை உள்ளே வாங்கிக்கொள்ளும், நாள் முழுக்க ஓங்கி வெட்டுகிறவனுக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும். ஒரு மகாராஷ்டிரா ஆள் வைத்திருந்த ஹைலப் பிடி அரிவாளைப் பிடித்துத் தென்னை மட்டை கழித்தேன், கை ஜிவ்வென்றது. மீனில் அந்த அளவு அதிர்ச்சி இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் வெட்டுவது கல் மாதிரிப் புளியங்கட்டை மேல், அதையும் கணக்கில் எடு.

வைண்டிங்_பாண்டி எழுதியது:

அண்ணா சொல்வது நியாயம், மரம் அளவுக்கு ஹைலம் அதிர்ச்சியை வாங்காது. ஆனால் கை ஜிவ்வென்பதற்குப் பாதிக் காரணம் கத்தியின் எடை எங்கே இருக்கிறது என்பதும்தான். முழு அகல இரும்பு பிடி வரைக்கும் வந்தால் பின்பக்கம் கனக்கும், அதனால் பிடிப் பகுதி இரும்பில் ரிவிட் துளை போக நாலைந்து துளை சேர்த்துப் போடச் சொல்லுங்கள். எடையும் குறையும், பசை அந்தத் துளைகள் வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகோத்துக்கொள்ளும், தகடு பெயராது.

முதுநகர்_தம்பி எழுதியது:

உடனே வந்து எழுதாததற்கு மன்னியுங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிபட்ட பிறகு சொன்னால்தான் உபயோகமாக இருக்கும் என்று காத்திருந்தேன். இப்போது மார்கழி பிறந்துவிட்டது.

மே மாதம் கத்தி புதிதாக அடித்து வாங்கினேன், பிடிப் பகுதியில் மூன்று ரிவிட் துளை, நாலு சின்னத் துளை, கழுத்து உருட்டியது. துணி ஹைலம் 10 மில்லி, பாண்டியில் ஒரு வைண்டிங் கடையில் வெட்டுத் துண்டு. அக்காவுக்குச் சரியாக வந்தது அம்மாவின் பழைய மத்து. அதன் நடுப்பகுதியில் நூல் சுற்றி அளந்தேன், அந்த அளவு வருகிறவரைக்கும் இரண்டு தகட்டையும் அரத்தால் இழைத்தேன். மூன்று சாயங்காலம் ஆனது. ஒவ்வொரு முறையும் கழுவாத மீன் கையோடு பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன், காய்ந்த கையில் நன்றாக இருந்த இடம் ஈரக் கையில் வேறு மாதிரி இருக்கிறது. சுண்டுவிரல் வளைவை இரண்டு முறை திருத்தினேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன், அடுத்து செய்கிறவர்கள் கவனிக்கவும். தகட்டின் முன் முனையை, அதாவது அலகு பக்கம் வருகிற முனையை, ஒட்டுவதற்கு முன்பே முழுதாக இழைத்து முடித்துவிட வேண்டும். நான் ஒட்டின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒட்டின பிறகு அரம் போட்டால் அலகில் கீறல் விழுகிறது, கசிந்த பசையும் அங்கேயே காய்ந்து கல்லாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு நூல் அளவு பள்ளம் நின்றுவிட்டது, மீன் செதில் அதில்தான் மாட்டுகிறது. பழைய கத்தியில் தண்ணீர் புகுந்த அதே வாய் என்பதால் மனசுக்கு ஒப்பவில்லை, ஜூலையில் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி எபாக்ஸி வைத்து அடைத்தேன்.

ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, மழைக்காலத்தில் ஒரு நாள்கூடக் கத்தி காயவில்லை. பிடி இம்மி ஆடவில்லை. ஓரத்தில் இரும்பு தெரிகிற கோட்டில் மேலாகத் துரு வருகிறது, அக்கா வாரம் ஒருமுறை ஸ்க்ரப்பரால் தேய்த்துவிடுகிறார். ரிவிட் பக்கத்தில் கருப்பு வளையம் ஒன்று இருக்கிறது, அது பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழங்கை வலி பற்றி நானாகக் கேட்கவில்லை. போன வாரம் அக்காவே, பக்கத்துக் கட்டையில் வெட்டுகிற அம்மாவுக்கும் இதே மாதிரி ஒன்று செய்து கொடு என்றார். பண்ருட்டி அண்ணா, அந்த அம்மாவுக்கு மரம்தான் பிடிக்குமாம், வேலிக்காத்தான் அடிக்கட்டை ஒன்று வாங்கி முனையில் மெழுகு தடவி மாடிப்படிக்குக் கீழே போட்டிருக்கிறேன். அவர் கை பெரிய கை, உலக்கைதான் சரியாக வந்தது.

மீதி ஹைலம் ஒரு அடி நீளத்துக்கு இருக்கிறது. முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் மீன் வெட்டுகிறவர்கள் வீட்டில் யாருக்காவது வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள், காசு வேண்டாம்.